வேற ஒருத்தரோட மாத்திரைய நான் எடுத்துட்டுப் போகலாமா? அவசரம்

சனிக்கிழமை ராத்திரி ஃப்ளைட். சொந்தக்காரங்களுக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர் டேப் சுத்தின பார்சலக் குடுத்து அங்க இருக்கற அவரோட அண்ணன்கிட்ட சேர்த்துடுங்கன்னாரு. பிரிச்சுப் பார்த்துதான் எடுத்துப்பேன்னு சொல்லிப் பிரிச்சா துணிக்கு நடுவுல டிரமடால் மாத்திரை, அட்டை அட்டையா. வலிக்குத்தான், ஆனா நிறைய நாட்டுல கட்டுப்பாடு உள்ள மருந்து, என் பையில இருந்து எடுத்தா பதில் சொல்ல வேண்டியது நான்தானே.

டாக்டர் சீட்டு கேட்டேன், போட்டோதான் வந்துச்சு, அதுவும் அண்ணன் பேர்ல. கூரியர்ல வாங்க மாட்டேங்கறாங்களாம். ஏர்லைன்ல கேட்டா தூதரகத்தக் கேளுங்கங்கறாங்க, தூதரகத்துக்கு மெயில் போட்டேன், பதிலே இல்ல. வீட்டுல வேற, முடியாதுன்னு சொன்னா மனஸ்தாபம் ஆயிடும்ங்கறாங்க, எனக்கு நெஜமாவே பயமா இருக்கு.

மருந்து சீட்டு வேற ஒருத்தர் பேர்ல இருந்தா, அத நான் கொண்டு போறத கஸ்டம்ஸ்ல ஒத்துப்பாங்களா?