மொறிஸ் மைனர் ஹாண்ட் பிறேக்: பழைய கேபிள்களைப் புதுப்பிப்பதா, மாற்றுவதா?

கேள்வி – நல்லூர்வாசி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் 1959ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000 ஒன்று இருக்கிறது; எஞ்சின் 948 சிசி. தகப்பனார் காலத்திலிருந்து பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாத கார் என்பதால், இயன்றவரை மூலப் பாகங்களைக் காத்தே திருத்த விரும்புகிறேன். ஹாண்ட் பிறேக்கை முழுவதும் இழுத்தாலும் இடப்பக்கப் பின் சில்லு மட்டுமே பிடிக்கிறது. வலப்பக்கக் கேபிளைக் கைபிடியிலிருந்து கழற்றிக் கையால் இழுத்துப் பார்த்தபோது மிகவும் கடினமாகவே அசைந்தது. உறைகள் இரண்டும் முழுதாக உள்ளன. புதிய கேபிள்கள் விற்பனையில் இருப்பது தெரியும். கராஜிலும் அதையே சொல்கிறார்கள். பழையவற்றை வினாகிரியில் ஊறப்போட்டால் துரு கழன்றுவிடும் என்று ஒருவர் சொன்னார். அவ்வாறு செய்யலாமா? உள்கம்பியை மட்டும் மாற்ற முடியுமா?

பதில் – கொக்குவில் பட்டறை

கேபிளைத் தொடுவதற்கு முன், குற்றம் கேபிளில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். மைனரில் இரு பின் சில்லுகளுக்கும் தனித்தனிக் கேபிள்கள் செல்கின்றன. இரண்டும் கைபிடியின் அடியில் தனித்தனி நட்டுகளால் பூட்டப்பட்டிருக்கின்றன. ஆகவே ஒரு பக்கம் செயலற்றுப் போனாலும் மறுபக்கம் பிடிக்கும். உங்கள் காரில் நடப்பது அதுதான்.

காரை ஸ்டாண்டில் நிறுத்தி, முன் சில்லுகளுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, வலப்பக்கக் கேபிளைப் பின் முனையிலும் கழற்றி, சில்லோடு சேர்ந்து சுழலும் பிறேக் உருளையான ட்றம்முக்குப் பின்னால் நீண்டிருக்கும் சிறிய நெம்புகோலைக் கையால் அசைத்துப் பாருங்கள். அது இலகுவாகச் சென்று திரும்பாவிட்டால், எவ்வளவு நல்ல கேபிளைப் போட்டாலும் பயனில்லை. இந்தக் காரின் பின் பிறேக்கில் ஒரு சில்லுக்கு ஒரு சிலிண்டர்தான். அது ட்றம்முக்குப் பின்னாலுள்ள அசையாத தகட்டின் நீள்துளையில் முன்பின் நகர்ந்தால்தான், ட்றம்மை உள்ளிருந்து அழுத்தும் இரு ஷூக்களும் அதில் பதியும். காற்றில் உப்புள்ள நமது ஊரில் அந்தச் சிலிண்டர் தகட்டோடு துருப்பிடித்து இறுகிப்போவது மிகச் சாதாரணம். ஹாண்ட் பிறேக் பிடிக்கவில்லை என்று வரும் மைனர்களில் பெரும்பாலானவற்றின் நோய் அங்கேதான் இருக்கிறது; கேபிள் பாவம், பழியை மட்டும் சுமக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1990க்குப் பின் யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடை இருந்த ஆண்டுகளில், கார்கள் மண்ணெண்ணெயில் ஓடிய காலத்தில், உதிரிப்பாகம் வராமல் கிடைத்ததைக் கொண்டே பலவும் செய்யப்பட்டன. உங்கள் கேபிள் காரோடு வந்ததுதானா, அக்காலத்தில் யாரோ கட்டிக்கொடுத்ததா என்பதை முனைகளைத் துடைத்துப் பார்த்த பின்னரே முடிவு செய்யுங்கள்.

பதில் – கோவை லேத்

வினாகிரி வேண்டாம். கேபிள் கம்பி, இழுத்து வலுவேற்றப்பட்ட உயர்கரிம எஃகு. அத்தகைய எஃகை அமிலத்தில் ஊறவைத்தால் வெளிப்படும் ஹைட்ரஜன் உலோகத்துக்குள் புகுந்து அதை நொறுங்கக்கூடியதாக்கும். அதோடு, புரிகளுக்கு இடையே தங்கிவிடும் அமிலத்தை எவ்வளவு அலசினாலும் முற்றாக வெளியேற்ற முடியாது. வெளியே பளபளப்பாகத் தெரியும் கம்பி உள்ளிருந்து அரிக்கப்பட்டுக்கொண்டிருக்கும்.

செய்யக்கூடியது இதுதான்: கேபிளை முழுவதுமாகக் கழற்றி, பெரிய வட்டமாகச் சுருட்டி, மண்ணெண்ணெயில் ஊறவிடுங்கள். பின்னர் செங்குத்தாகத் தொங்கவிட்டு, மேல்முனையில் மெல்லிய எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே உள்கம்பியை மேலும் கீழும் இழுங்கள். கீழே வடியும் எண்ணெய் தெளிவாகும்வரை இதைத் தொடர வேண்டும். அதன்பின் உறைக்கு வெளியே வரும் பகுதியை, குறிப்பாக முனைகளுக்கு அருகில், துணியால் அழுத்தித் தடவுங்கள். அறுந்த இழை இருந்தால் துணியில் சிக்கும். ஓர் இழை அறுந்திருந்தாலும் அந்தக் கம்பி காரில் திரும்ப ஏறக்கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

உள்கம்பியை மட்டும் மாற்றலாம், ஆனால் முனைகளைப் பற்றி ஆசை வைக்காதீர்கள். கம்பியின் மேல் அழுத்திப் பூட்டப்பட்ட முனையைத் துளையிட்டுக் கம்பியை எடுத்துவிட்டு, அதே முனையை மறுபடி அழுத்தினால் பிடிமானத்தை நம்ப முடியாது. பழையதை அளவாக வைத்துப் புதிய முனைகளைக் கடைந்து, உரிய அழுத்தப் பொறியில் பூட்ட வேண்டும். வெள்ளிப் பற்றாசு வைக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். அதற்கு 600 பாகை செல்சியசுக்கு மேல் சூடு தேவை. அந்தச் சூட்டில் கம்பி தன் வலுவை இழந்து, முனைக்குச் சற்று அப்பால் அறும். கம்பியின் விட்டமும் புரியமைப்பும் பழையதை ஒத்திருக்கட்டும்: 7 புரி, புரிக்கு 19 இழை என்ற அமைப்பு நன்றாக வளையும், 7 புரி, புரிக்கு 7 இழை என்பது சற்று விறைப்பானது, ஆனால் உராய்வைத் தாங்கும். உறையையும் அதன் உலோகத் தொப்பிகளையும் அப்படியே வைத்துக்கொள்ளலாம். கண்ணுக்குத் தெரிவது பெரும்பாலும் அவைதான்.

பதில் – இலண்டன் மைனர்

கோவை நண்பர் சொன்னதற்கு ஒரு காரணத்தைச் சேர்க்கிறேன். மைனரின் கால் பிறேக், நான்கு சில்லுகளுக்கும் ஒரே எண்ணெய்ச் சுற்றில் இயங்குவது. எங்காவது ஒரு குழாய் வெடித்தால் மிஞ்சுவது ஹாண்ட் பிறேக் மட்டுமே. கார்களின் தகுதியைப் பார்க்கும் பிரித்தானிய எம்ஓடி சோதனையில் இரட்டைச் சுற்றுள்ள கார்களின் நிறுத்து பிறேக்குக்கு 16 சதவீதத் திறன் போதும் என்றிருக்க, ஒற்றைச் சுற்றுள்ள கார்களுக்கு 25 சதவீதம் கேட்பது இதனால்தான். பெரிய மாற்றம் செய்யப்படாத, 40 ஆண்டு கடந்த கார்களுக்கு 2018 மே முதல் அந்தச் சோதனை கட்டாயமில்லை. ஆனாலும் நான் என் காரைக் கொண்டுபோய்க் காட்டுகிறேன். மூலக் கேபிள்களைத் துடைத்து எண்ணெயிட்டு ஒரு பெட்டியில் வைத்துவிட்டு, புதியவற்றைப் பூட்டி ஓடுவதை எவரும் குறை சொல்லமாட்டார்கள்.

நல்லூர்வாசி

மிக்க நன்றி. கொக்குவில் ஐயா சொன்னதே சரி: வலப்பக்கச் சிலிண்டர் தகட்டில் இறுகியிருந்தது. அதைக் கழற்றிச் சுத்தம் செய்கிறேன். இடப்பக்கக் கேபிள் மண்ணெண்ணெயில் நன்றாகத் தெளிந்துவிட்டது. வலப்பக்கத்தில் கவைக்கு (கேபிள் முனையிலுள்ள கவட்டு வடிவ இணைப்புக்கு) அருகே இழைகள் அறுந்துள்ளன. ஒன்றை மட்டும் புதுக்கம்பியாக்கினால் போதுமா? பூட்டும்போது எந்த ஒழுங்கில் சரிசெய்ய வேண்டும்?

கொக்குவில் பட்டறை

இரண்டையும் மாற்றுங்கள். ஒரே வயதுக் கம்பிகள். மற்றதும் விரைவில் அறும். பூட்டும்போது கைபிடி நட்டுகளை முதலில் தளர்வாகவே விடுங்கள். ட்றம்மிலுள்ள துளை வழியாக, ஷூக்களின் இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டரை ஸ்க்ரூ டிரைவரால் இறுக்கி, சில்லு நின்றதும், தடையின்றிச் சுழலும்வரை சற்றுத் தளர்த்துங்கள். கைபிடியைச் சில பற்கள் இழுத்து வைத்து, இரு சில்லுகளும் கையால் சுற்றுவதற்கு ஒரே அளவு கடினமாகும்வரை நட்டுகளைத் திருகுங்கள். கைபிடியை முழுவதும் இறக்கியதும் இரண்டும் உரசாமல் சுழல வேண்டும். ஷூக்களின் தேய்மானத்தைக் கேபிளை இறுக்கி ஈடுகட்ட ஒருபோதும் முயலாதீர்கள். புதுக்கம்பி சற்று நீளும். சில நாள் ஓடிய பின் நட்டுகளை மறுபடி பாருங்கள்.