நேவல் கோர்ட்டுக்குத் தமிழில் பெயர்: ‘படை’ வேண்டாமே

ஐயா, வணக்கம்.

நேவல் கோர்ட் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நீங்கள் பரிந்துரைத்த ‘கடற்படை நீதிமன்றம்’ எனக்கு ஒப்பவில்லை. நாகப்பட்டினம் கடைத்தெருவில் யாரிடம் சொன்னாலும், கடற்படைக்காரரைக் கடற்படையே விசாரிக்கும் இடம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். நாம் பெயர் தேடுவது வேறொன்றுக்கு. வெளிநாட்டுத் துறைமுகத்தில் நம் சரக்குக் கப்பல் நிற்கிறது. கேப்டன் மீது மாலுமி புகார் சொல்கிறார், அல்லது கப்பல் தரைதட்டிவிட்டது. நம் நாட்டுக் கோர்ட்டு எங்கோ இருக்கிறது. அப்போது அங்கிருக்கும் கடற்படை அதிகாரியோ தூதரக அதிகாரியோ கூட்டும் விசாரணைக் குழு இது.

பிரிட்டனின் 1894ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டத்தில் இதற்கு நேவல் கோர்ட் என்று பெயர் இருந்தது. ஆனால் பெயரில் இருந்த அளவுக்குப் படை உள்ளே இல்லை. 3 முதல் 5 பேர் உட்கார்ந்தார்கள். முடிந்தவரை லெப்டினன்ட்டுக்குக் குறையாத கடற்படை அதிகாரி ஒருவர், தூதரக அதிகாரி ஒருவர், வணிகக் கப்பல் கேப்டன் ஒருவர் இருக்க வேண்டியிருந்தது. மாலுமியைப் பணியிலிருந்து விடுவிக்கவும் சம்பளத்தைப் பிடிக்கவும் அதற்கு அதிகாரம் இருந்தது. கேப்டனையே நீக்கவும் முடிந்தது, ஆனால் அதற்கு எல்லோரும் ஒருமனதாக இருக்க வேண்டியிருந்தது. கடற்படை அதிகாரி தனியாளாக ஒரு மாலுமியின் சீட்டைக் கிழித்துவிட முடியாது என்பதுதான் இதில் முக்கியம். பெயர் அதை மறைக்கக் கூடாது.

நம் நாட்டின் 1958ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டம் இதை மரைன் போர்டு என்றது. கூட்டுகிற அதிகாரியோடு இன்னும் 2 பேர். சரி, ‘கடல்சார் வாரியம்’ என்று வைத்துவிடலாமா என்றால், தமிழ்நாட்டுச் சிறு துறைமுகங்களைப் பார்த்துக்கொள்ளும் அமைப்புக்கே அந்தப் பெயர் இருக்கிறது. நாகை, கடலூர் ஆட்கள் குழம்பிப்போவார்கள்.

என் யோசனை: ‘கப்பல் விசாரணை ஆயம்’. தீர்ப்பாயம் என்று பழகிவிட்டதால் ஆயம் உறுத்தாது. ஆயத்தீர்வை என்ற வரி நினைவு வரும் என்பீர்கள். வரட்டும், முன்னால் ‘விசாரணை’ நிற்கிறதே! அதிகாரி செய்வதை ‘ஆயம் கூட்டுதல்’ என்றே சொல்லலாம்.

அப்புறம், மாலுமிக்குப் பதில் ‘கடலோடி’ என்றீர்கள். அழகான சொல், ஆனால் நாகையின் மீனவர் பகுதியான நம்பியார் நகரில் அது மீனவரையும் சேர்த்துக்கொள்ளும். இந்தச் சட்டப் பகுதி வணிகக் கப்பலில் ஒப்பந்தம் போட்டு ஏறியவரைப் பற்றியது. மாலுமியே இருக்கட்டும்.

விளக்கத்தில் ஒரு வரி மட்டும் சேர்த்துவிடுங்கள்: நம் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்த ஆயம் இந்தியக் கொடிக் கப்பலுக்குத்தான். காரைக்காலிலிருந்து போய்ப் பனாமாக் கொடிக் கப்பலில் ஏறும் பையனுக்குச் சம்பளம் வரவில்லை என்றால், பக்கத்தில் நம் போர்க்கப்பலே நின்றாலும் இதைக் கூட்ட முடியாது.