30க்கு 30: வெண்கரை சபாநாயகர் போட்ட வாக்கு செல்லாது

உப்புவெளியான்:
போன கிழமை வந்த "வெண்கரை" அத்தியாயத்தை வாசிச்ச கோவத்தோடதான் எழுதுறன். வாசிக்காத ஆக்களுக்கு: வெண்கரை எண்டது நம்மட குழு சேர்ந்து எழுதிக்கொண்டு வாற கற்பனைத் தீவு நாடு. 61 பேர் உள்ள சபை. பிரதமருக்கு எதிரான நம்பிக்கையில்லாப் பிரேரணையில 30க்கு 30 எண்டு வருது. சபாநாயகர் அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில வச்சிட்டு "ஆதரவு" எண்டுறா. அரசாங்கம் கவிழுது. கீழ சாம்பல்தீவுத் தம்பி பெருமையா ஒரு குறிப்புப் போட்டிருக்கிறார்: "எந்த நாட்டுச் சபாநாயகரும் இப்பிடித்தான் செய்திருப்பார்."

எந்த நாட்டுச் சபாநாயகர்? ஒரு ஆளைக் காட்டுங்க. வாக்கு சமப்பட்டா, இருக்கிற நிலைமையை மாத்தாம விடுறதுதான் அந்த நாற்காலியின்ர வேலை. 1867ல பிரித்தானிய சபாநாயகர் டெனிசன் தெளிவாச் சொன்னவர்: ஒரு மாற்றத்தைச் சபையின்ர பெரும்பான்மைதான் தீர்மானிக்கோணும், சபாநாயகரின்ர ஒத்தை வாக்கு இல்ல.

சாம்பல்தீவு:
அண்ணா, வெண்கரை அரசியல் யாப்பில இருக்கிறது ஒரே ஒரு வரி: "வாக்குகள் சமப்பட்டால் சபாநாயகர் வாக்களிப்பார்." எந்தப் பக்கம் எண்டு எங்கயும் இல்ல. நம்மட இலங்கை யாப்பின்ர 72ம் உறுப்புரையும் அதேதான். முதல்ல வாக்களிக்கக் கூடாது, சமப்பட்டா கட்டாயம் அளிக்கோணும். டெனிசன்ர பெயர் அதில எங்க இருக்குது?

உப்புவெளியான்:
யாப்பில இல்லாததெல்லாம் செய்யலாமெண்டா மரபு எண்டு ஒண்டு எதுக்கு? சரி, நடந்ததையே சொல்லுறன்.

1927 ஓகஸ்ட், அயர்லாந்து. கொஸ்கிரேவ் அரசாங்கத்துக்கு எதிரா நம்பிக்கையில்லாப் பிரேரணை. 71க்கு 71. சபாநாயகர் அரசாங்கத்தின்ர பக்கம் போட்டார். 2005 மே 19, கனடா. பட்ஜெட் சட்டமூலம் தோத்தா அரசாங்கம் போகும். 152க்கு 152. சபாநாயகர் மிலிகன் சட்டமூலத்துக்கு ஆதரவாப் போட்டார், அரசாங்கம் தப்பினது. 2019 ஏப்ரல் 3, பிரித்தானியா. பிரெக்சிட் விசயத்தில ஒரு திருத்தம், 310க்கு 310. சபாநாயகர் பேர்கோ "இல்லை" பக்கம். பேர்கோவைப் பிடிக்காத ஆக்கள் எத்தின பேர்! அவர் கூட மரபை மீறேல்ல.

எல்லாரும் ஒரே பக்கம். உங்கட அம்மா மட்டும் மற்றப் பக்கம். கவிழ்த்த ஒரு ஆளைக் காட்டுங்க தம்பி.

டச்சுக்குடா:
ரெண்டு பேரும் முதல்ல ஒண்டைச் சொல்லுங்க. "இருக்கிற நிலைமை" எண்டா எது? கனடாவில மிலிகன் "ஆம்" எண்டு போட்டவர், பேர்கோ "இல்லை" எண்டு போட்டவர். விவாதம் தொடர வழி விடுறது ஒரு விதி. பெரும்பான்மை இல்லாம முடிவெடுக்காம இருக்கிறது இன்னொரு விதி. வெண்கரையில அதே அரசாங்கத்தின்ர பட்ஜெட் முதல் நாளே தோத்திட்டுது. அப்ப காப்பாத்த வேண்டிய நிலைமை எது? இதை வரையறுக்காம மாறி மாறிக் கத்தி என்ன பிரயோசனம்?

கிண்ணியாப் பாலத்தடி:
வரையறை கிடக்கட்டும் தங்கச்சி. உப்புவெளி அண்ணன் ஆள் கேட்டாரே, நான் காட்டுறன். 1805, அதே பிரித்தானியா. மெல்வில் பிரபுவைக் கண்டிக்கிற பிரேரணை. 216க்கு 216. சபாநாயகர் அபட் முகம் வெளுத்துப்போய்க் கொஞ்ச நேரம் வாய் திறக்காம இருந்தவராம். பிறகு பிரேரணைக்கு ஆதரவாப் போட்டார். மெல்வில் பதவியை விட்டுப் போனார். இப்ப என்ன சொல்லப் போறீங்க?

உப்புவெளியான்:
நானா, 1805 டெனிசனுக்கு 62 வருசம் முந்தி. மரபு வர முதல் நடந்ததைக் கொண்டுவந்து மரபை உடைக்கப் பாக்குறீங்க. ரெண்டாவது, போனது ஒரு அமைச்சர். பிட் பிரதமராத்தான் இருந்தவர். நான் கேட்டது அரசாங்கத்தைக் கவிழ்த்த ஆள். 30க்கு 30ல கவிழ்த்த ஆள். காட்டுங்க.

கிண்ணியாப் பாலத்தடி:
முதல்ல "ஒரு ஆள்" எண்டீங்க. காட்டினதும் "அரசாங்கத்தைக் கவிழ்த்த ஆள்" ஆகிட்டுது. நாளைக்கு அதையும் காட்டினா, மூக்குக்கண்ணாடி போட்ட ஆள்தான் வேணும் எண்டுவீங்க.

சாம்பல்தீவு:
அண்ணாவுக்கு என்ர அத்தியாயத்தில எப்பவும் ஏதாவது ஒண்டு பிழையாத்தான் தெரியும். அவர் எழுதித் தந்த துறைமுக அத்தியாயத்தை எல்லாருமாச் சேர்ந்து வேண்டாம் எண்டதில இருந்துதான் இது.

உப்புவெளியான்:
அதையும் இதையும் முடிச்சுப் போடாதீங்க. அந்த அத்தியாயத்தை வேண்டாம் எண்ட நாலு பேரில ஒருத்தர் கூட அதை முழுசா வாசிக்கேல்ல, அது எனக்குத் தெரியும். கடற்படை முகாமுக்குள்ள வேலை செய்த மனுசன்ர மகன் நான். உட்துறைமுகத்தின்ர ஆழம் என்ன, கப்பல் எதால திரும்பும் எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லித்தர வேண்டாம். அது வேற கதை. இங்க கேள்வி 30க்கு 30.

இன்னொண்டையும் கேளுங்க. 1964 டிசம்பர் 3, கொழும்பு. ஆளுங்கட்சி ஆக்கள் கட்சி மாறி, சிறிமாவோ அரசாங்கம் சிம்மாசன உரையில 74க்கு 73 எண்டு தோத்தது. 1979ல பிரித்தானியப் பிரதமர் கலகன் 311க்கு 310. 1999ல டெல்லியில வாஜ்பாய் 270க்கு 269. ஒரு வாக்கில அரசாங்கம் போகலாம், நான் மாட்டன் எண்டேல்ல. ஆனா அந்த ஒரு வாக்கு சனம் தெரிவு செய்து வாங்கில இருக்கிற உறுப்பினர்ர வாக்கா இருக்கோணும். நடுவர் கோல் அடிச்சு வெண்ட மாட்ச் மாதிரி இருக்குது உங்கட அத்தியாயம்.

நிலாவெளி வடக்கு:
சபாநாயகருக்கு அதிகாரம் இல்லையாமோ? தமிழ்நாட்டில பி.எச். பாண்டியன் தனக்கு வானளாவிய அதிகாரம் இருக்கெண்டவர். சும்மா சொல்லேல்ல, செய்தும் காட்டினவர்.

உப்புவெளியான்:
என்னத்தைச் செய்து காட்டினவர்? 1987ல ஒரு கேலிச்சித்திரத்துக்காக வார இதழ் ஆசிரியருக்கு மூண்டு மாதச் சிறை. தமிழ்நாடே கொதிச்சு ஒரு சில நாளில வெளிய விட வேண்டி வந்தது. அதுவா உங்களுக்கு முன்மாதிரி? 2018 நவம்பர்ல நம்மட பாராளுமன்றத்தைப் பாருங்க. நாற்காலியைச் சுத்தி ஆக்கள் மறிச்சு நிண்டாங்க. சபாநாயகர் கரு ஜயசூரிய பொலிஸ் பாதுகாப்போட உள்ள வந்து, வேற ஒரு கதிரையில இருந்து, மைக்கைக் கையில பிடிச்சுக்கொண்டு சபையை நடத்தினார். மிளகாய்த்தூள் பறந்தது. அந்த மனுசன் தன்ர வாக்கால எந்தப் பக்கத்தையும் வெல்ல வைக்கேல்ல, சபையின்ர வாக்கை எண்ணுறதுக்குத்தான் அவ்வளவு பாடும். அதுதான் சபாநாயகர்.

கிண்ணியாப் பாலத்தடி:
அப்ப சபாநாயகர் எம்.எச். முகமது? 1991ல பிரேமதாசாவுக்கு எதிரான குற்றப்பிரேரணையை ஏத்துக்கொண்டு, பிறகு கையெழுத்துக் காணாதெண்டு நிராகரிச்சவர். அதுவும் ஒரு ஆள் எடுத்த முடிவுதானே. ஒரு நாட்டின்ர போக்கையே மாத்தின முடிவு.

உப்புவெளியான்:
அங்கயும் இருந்தது இருந்தபடியே இருந்தது நானா. ஜனாதிபதி போகேல்ல. நீங்களே எனக்குச் சாட்சி கொண்டுவாறீங்க.

நிலாவெளி வடக்கு:
நல்ல சபாநாயகர் எண்டா நம்மட ஆளைச் சொல்லுங்கப்பா. வேலணை சேர் வைத்திலிங்கம் துரைசுவாமி, 1936ல இருந்து 1947 வரைக்கும் அரசாங்க சபையின்ர சபாநாயகர். இப்பத்தைய பிள்ளைகளுக்குப் பெயரே தெரியாது.

கிண்ணியாப் பாலத்தடி:
"நம்மட ஆள்" எண்டா வேலணையோட நிண்டிடுமோ? பாக்கீர் மாக்கார் 1978ல இருந்து 1983 வரைக்கும் சபாநாயகரா இருந்தவரே, அவர் ஆர்ர ஆள்?

நிலாவெளி வடக்கு:
நான் அப்பிடிச் சொல்லேல்ல. நீங்கதான் எதைச் சொன்னாலும் இழுத்துப் பிடிக்கிறீங்க.

டச்சுக்குடா:
இந்த ஊரில கிழக்கு மாகாண சபை எண்டு ஒண்டு இருக்குது. 37 உறுப்பினர்கள், அவையில ஒருத்தர் தவிசாளரா இருக்க வேண்டிய இடம். கடைசித் தேர்தல் 2012ல, காலம் முடிஞ்சது 2017ல. அந்த வாங்குகளில ஆக்களே இல்ல. இல்லாத நாட்டின்ர 61 வாங்குக்கு இவ்வளவு அடிபடுறம், உள்ள சபையைப் பற்றி இந்தக் குழுவில ஒருத்தரும் ஒரு வரி எழுதேல்ல. எனக்கு அதுதான் வயிறெரியுது.

உப்புவெளியான்:
தங்கச்சி, அதுக்குத் தனி இழை திறங்க, நானும் வாறன். அந்தச் சபைக்குத் தேர்தல் வைக்கோணும் எண்டதில எனக்கு ரெண்டாம் கருத்தில்ல. ஆனா கற்பனை நாடெண்டு இதை லேசா எடுக்கேலாது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் இந்தத் தொடரை வாசிக்குதுகள். சமப்பட்டா நாற்காலியில இருக்கிறவர் தனக்குப் பிடிச்ச பக்கம் சாயலாம் எண்டு அதுகள் படிச்சா, நாளைக்கு விவாத மன்றத்திலயும் அதைத்தான் செய்யுங்கள்.

சாம்பல்தீவு:
விவாத மன்றம் எண்டதும் ஞாபகம் வருது. நாங்க படிக்கேக்க ஒரு இறுதிப் போட்டியில புள்ளி சமமா வந்து, தலைமை நடுவர் தன்ர ஒரு வாக்கால மற்றப் பள்ளிக்கூடத்துக்குக் கோப்பையைக் குடுத்தவர். அண்டைக்கு உப்புவெளி அண்ணா அந்தப் பள்ளிக்கூடத்தின்ர பக்கம் நிண்டு கைதட்டினவர். அண்டைக்கு டெனிசன் எங்க போனவர்?

உப்புவெளியான்:
போட்டியில ஒருத்தர் வெல்லத்தான் வேணும். அங்க இருக்கிற நிலைமை எண்டு ஒண்டில்ல. இவ்வளவு வருசமா இதை மனசில வச்சிருந்தா எழுதினீங்க? அப்ப அந்த அத்தியாயம் வெண்கரைக்காக எழுதினதில்ல, எனக்காக எழுதினது.

கிண்ணியாப் பாலத்தடி:
இப்ப "இருக்கிற நிலைமை" எதெண்டு வரையறுக்கத் தெரியுது. தங்கச்சி கேக்கேக்க தெரியேல்ல.

உப்புவெளியான்:
ஆரும் கதையை மாத்தாதீங்க. அயர்லாந்து 71க்கு 71, அரசாங்கம் நிண்டது. கனடா 152க்கு 152, அரசாங்கம் நிண்டது. வெண்கரை 30க்கு 30, அரசாங்கம் விழுந்தது. அத்தியாயத்தைத் திருத்துங்க, இல்லாட்டி அந்தக் குறிப்பையாவது எடுங்க.

சாம்பல்தீவு:
ரெண்டும் செய்ய மாட்டன். அடுத்த அத்தியாயம் எழுதி முடிஞ்சுது. புதுப் பிரதமர் பதவியேற்கிறார், அதே சபாநாயகர் அம்மாதான் முன்னுக்கு நிக்கிறா.

உப்புவெளியான்:
போடுங்க. அதுக்குக் கீழயும் இதைத்தான் கேப்பன்: கவிழ்த்த ஒரு ஆளைக் காட்டுங்க.