பினாங்கு எல்.ஆர்.டி.: பஸ்ஸைச் சரி செய்யாமல் ரயில் எதற்கு?

ஜெலுத்தோங்வாசி:
2025 ஜனவரியில் நம் பினாங்கில் முத்தியாரா எல்.ஆர்.டி. (இலகு ரயில்) பாதைக்கு அடிக்கல் நாட்டியாச்சு. சுமார் 29 கிலோமீட்டர். தெற்கே கடலைத் தூர்த்து உருவாக்கும் சிலிக்கான் தீவில் ஆரம்பித்து, விமான நிலையம், பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை வழியாக ஜார்ஜ்டவுன் நகரில் உள்ள கொம்தார் கட்டடம் வரை வரும். ஒரு பகுதி கடலைத் தாண்டி, பெருநிலத்தில் இருக்கும் பட்டர்வொர்த்தில் பினாங்கு சென்ட்ரல் நிலையத்துக்குப் போகும். 2031இல் முடியும் என்கிறார்கள். நம் வாட்சப் குழுவில் ஒருவர் "அந்தக் காசுக்கு பஸ் வாங்கி விட்டால் போதுமே" என்று போட்டார், ஆளாளுக்கு ஆமாம் போட்டார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மாலை ஆறு மணிக்கு ஜாலான் ஜெலுத்தோங்கில் போய் நின்று பாருங்கள். பஸ்ஸுக்கும் காருக்கும் ஒரே ரோடு. இன்னும் எத்தனை பஸ் விட்டாலும் அதே ஜேமில்தான் நிற்கும். ரோட்டுக்கு மேலே ஒரு வழி வேண்டும்.

ஆயர் ஈத்தாம் அக்கா:
தம்பி, அந்த மேல் வழி எங்கள் பக்கம் வருகிறதா? ஆயர் ஈத்தாம், பார்லிம், பாயா தெருபோங் எல்லாம் அடுக்குமாடியாக நிறைந்து கிடக்கிறது. முதல் பாதையில் எங்கள் பெயரே இல்லை. தஞ்சோங் தோக்கோங், பத்து பெரிங்கி பக்கமும் அப்படித்தான். பள்ளி விடுமுறை என்றால் கொடிமலைக்குப் போகிறவர்கள், கெக் லோக் சி கோயிலுக்குப் போகிறவர்கள் எல்லாரும் எங்கள் ஒரே ரோட்டில்தான் வருகிறார்கள். மாதாமாதம் அம்மாவைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மருந்து எடுக்க அழைத்துப் போகிறேன். அவரால் பஸ் படி ஏற முடியும், ஆனால் வெயிலில் நிற்க முடியாது. எங்கள் நிறுத்தத்தில் ஒரு கம்பமும் பலகையும்தான். கூரை கிடையாது, உட்கார இடம் கிடையாது. கடைசியில் கிராப் வாடகைக் கார் கூப்பிடுகிறேன். மருந்து இலவசம், போகவர ஆகும் காசுதான் கடிக்கிறது. 2031 வரைக்கும் எங்களைக் காத்திருக்கச் சொல்லாதீர்கள்.

பிறை மோட்டார்:
அக்கா சொல்வது புரிகிறது. ஆனால் தீவில் இருக்கிறவர்கள் தீவை மட்டுமே பார்க்கிறீர்கள். வாடகையும் வீட்டு விலையும் தாங்காமல் கடலுக்கு அந்தப் பக்கம் பெருநிலத்தில் இருக்கும் பிறைக்கும் புக்கிட் மெர்தாஜாமுக்கும் சுங்கை பாக்காப்புக்கும் போன நம் குடும்பங்கள் எத்தனை? வேலை மட்டும் இன்னும் பாயான் லெப்பாஸில். காலை ஏழு மணி ஷிப்டுக்கு இருட்டிலேயே கிளம்புகிறோம். தீவுக்கு வரும் முதல் பாலம் 13.5 கிலோமீட்டர். ஜாக்கெட்டை முன்பக்கம் பின்பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு பாலத்தில் ஏறினால் நடுவில் காற்று மோட்டாரை இடது பக்கம் தள்ளும். மழை பிடித்துக்கொண்டால் ஒதுங்க இடமே இல்லை. மழைக்கோட்டு போட நிறுத்துகிறவர்களைப் பின்னால் வரும் மோட்டார் இடித்ததைப் பார்த்திருக்கிறேன். 2019இலிருந்து மோட்டாருக்கு டோல் இல்லை. நல்லதுதான், ஆனால் அது எங்களை மோட்டாரிலேயே வைத்திருக்கிறது. கடல் தாண்டி ரயில் வந்தால் எங்களுக்கு உயிர்க்காப்பு. வசதி என்ற கணக்கில் மட்டும் இதைப் பேசாதீர்கள்.

தெலுக் கும்பார்:
ரயில் எங்கிருந்து ஆரம்பிக்கிறது என்று யாராவது யோசித்தீர்களா? சிலிக்கான் தீவு வரும் அந்த இடத்தில் முதலில் மூன்று செயற்கைத் தீவுகள் என்றார்கள், 2023இல் ஒன்றாகக் குறைத்தார்கள். அந்த ஒன்றே 2,300 ஏக்கர். பெர்மாத்தாங் டாமார் லாவுட் மீனவர்கள் இறால் பிடிக்கிற இடம் அது. காலை பசாரில் அவர்களிடம்தான் மீன் வாங்குகிறோம், அவர்கள் போனால் மீன் விலை என்னாகும்? ஆளே குடியேறாத மண்ணுக்கு முதல் ஸ்டேஷன், ஆள் நிறைந்த ஆயர் ஈத்தாமுக்கு ஒன்றுமில்லை. இந்த வரிசை யாருக்காகப் போட்ட வரிசை?

ஜெலுத்தோங்வாசி:
சிலிக்கான் தீவு பற்றி நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, மீனவர்களுக்காக நானும் பேசுவேன். ஆனால் அதைக் காட்டி ரயிலே வேண்டாம் என்றால், தொழிற்பேட்டையில் வேலை செய்கிறவர்களுக்கு என்ன பதில்? தினமும் அவ்வளவு பேர் ஒரே இடத்துக்கு ஒரே நேரத்தில் போகிறார்கள். ரயில் இதற்குத்தானே.

பழைய தண்டவாளம்:
இரண்டு பக்கமும் ஒரு விஷயத்தை விட்டுவிட்டீர்கள். இந்த ஊரில் டிராம் ஓடியது, அதுவும் ஆயர் ஈத்தாம் வரைக்கும்! 1936இல் டிராமை நிறுத்தினார்கள். மேலே கம்பியில் மின்சாரம் எடுத்து ஓடிய டிராலி பஸ்ஸையும் 1961இல் நிறுத்தினார்கள். பினாங்கு ரோட்டில் சூலியா தெரு முனையில் பழைய தண்டவாளத் துண்டு இன்னும் தெரியும். அப்புறம் தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே கார் ஏற்றும் பெர்ரி, அது 2020 கடைசியோடு போச்சு. இப்போதுள்ள பெர்ரியில் ஆளும் மோட்டாரும் சைக்கிளும்தான். ஒன்றைக் கொண்டுவரும்போது ஏற்கெனவே இருப்பதை எடுத்துவிடுவது இங்கே பழக்கமாகிவிட்டது. எல்.ஆர்.டி. வந்ததும் "ரயில் இருக்கிறதே" என்று பஸ்ஸைக் குறைப்பார்களோ என்பதுதான் என் பயம்.

பிறை மோட்டார்:
பெர்ரி இருக்கிறதே என்று எங்களிடமும் சொல்கிறார்கள். பெர்ரி இறக்கிவிடுவது ஜார்ஜ்டவுன் படகுத்துறை ஜெட்டியில், என் வேலை பாயான் லெப்பாஸில். மோட்டாரோடு இறங்கினாலும் அங்கிருந்து அதே ஜேமில்தான் ஓட்ட வேண்டும். ஷிப்டுக்குப் பிந்தினால் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள்.

ஆயர் ஈத்தாம் அக்கா:
அப்படியானால் உங்களுக்கும் எனக்கும் தேவை ஒன்றுதான் தம்பி. ஸ்டேஷனில் இறங்கின பிறகு என்ன? தொழிற்பேட்டையில் ஒரு வாசலிலிருந்து அடுத்த வாசலுக்கே எவ்வளவு தூரம்! பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை செய்துவிட்டு வெயிலிலோ மழையிலோ யார் நடப்பார்கள்? பத்து பேர் நடந்து பார்ப்பார்கள், அடுத்த வாரம் மறுபடியும் மோட்டார்தான். ஜெட்டிக்கும் கொம்தாருக்கும் இடையே இலவச பஸ் ஓடுகிறதே, வெள்ளைக்காரப் பயணிகளும் ஏறுகிறார்கள், பசாருக்குப் போகிற பாட்டிகளும் ஏறுகிறார்கள். அதைப் போல ஒவ்வொரு ஸ்டேஷனிலிருந்தும் வேண்டும்.

ஜெலுத்தோங்வாசி:
அது வரும் அக்கா. ஸ்டேஷன் வந்தால் பஸ் தானாக அங்கே திரும்பும்.

ஆயர் ஈத்தாம் அக்கா:
தானாக எதுவும் வராது. நிறுத்தத்துக்கு ஒரு கூரை வேண்டும் என்று எங்கள் பிளாட்டில் கையெழுத்து வாங்கிக் கொடுத்தும் இன்னும் அது வெறும் கம்பம்தான். ரயில் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ரயில் வேலை நடக்கும்போதே பஸ் வேலையும் நடக்க வேண்டும் என்கிறேன்.

தெலுக் கும்பார்:
நான் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன், அந்தத் தூர்த்த மண்ணிலிருந்து ஆரம்பிப்பதை மாற்றாத வரைக்கும்.

பிறை மோட்டார்:
அண்ணே, அதுவரைக்கும் நாங்கள் பாலத்தில்தான் போக வேண்டுமா? மீனவர்களுக்கு நியாயம் கேளுங்கள், நானும் வருகிறேன். ஆனால் கடல் தாண்டும் பகுதியை நிறுத்தச் சொல்லாதீர்கள்.

ஆயர் ஈத்தாம் அக்கா:
ஞாயிற்றுக்கிழமை எங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர் பசார் பக்கம் வருகிறார். இரண்டு கேள்வி எழுதி வைத்திருக்கிறேன். ரயில் திறக்கிற அன்றைக்கு ஆயர் ஈத்தாமிலிருந்து கொம்தார் ஸ்டேஷனுக்கு எத்தனை நிமிஷத்துக்கு ஒரு பஸ்? அதற்குத் தனித் தடம் உண்டா இல்லையா? யார் வருகிறீர்கள்?