எஸ்.இ.ஓ. கம்பெனிக்குப் பணமும் கொடுத்து, வேலையும் நாமே பார்க்கணுமா?

கோத்தகிரி ஹோம்ஸ்டே
வணக்கம். கோடநாடு போகிற ரோட்டில் ஐந்து அறை வைத்து ஹோம்ஸ்டே நடத்துகிறேன். போன டிசம்பரில் கீழே சமவெளியில் கூகுள் தேடலில் நம் வெப்சைட்டை முன்னால் கொண்டுவருகிற ஒரு எஸ்.இ.ஓ. கம்பெனியோடு மாதம் 9,000 ரூபாய்க்குப் பேசி முடித்தேன். ஆறு மாதம் கொடுத்தாயிற்று. "ஊட்டி ஹோம்ஸ்டே" என்று தேடினால் நான்காம் பக்கம் வரை என் பெயரே இல்லை. போதாததற்கு, என் வெப்சைட்டில் "படகு இல்லத்துக்கு நடந்தே போகலாம்" என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஊட்டி இங்கிருந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல். அதை நம்பி, கைக்குழந்தையோடு வந்த ஒரு குடும்பம் வாசலில் நின்று கேட்டபோது எனக்குத் தலைநிமிர முடியவில்லை. கம்பெனியைக் கேட்டால், "நீங்க ஒத்துழைக்கவே இல்ல சார்" என்கிறார்கள். காசு கொடுத்தவன் நான். நான் எதற்கு ஒத்துழைக்க வேண்டும்?

குன்னூர் தேடல்காரன்
அண்ணா, நானும் இதே தொழில்தான். உங்கள் கம்பெனி இல்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதியது முழுக்க அவர்கள் தப்பு. ஆனால் ஒன்று கேட்கிறேன்: அந்தப் பக்கத்தைப் போடும் முன் உங்களுக்குக் காட்டினார்களா?

கோத்தகிரி ஹோம்ஸ்டே
ஏப்ரல் கடைசியில் மெயில் வந்திருக்கிறது. சீசன் நேரம். அறை நிறைய ஆள், தண்ணீர் லாரி வரவில்லை, சமையலுக்கு நானும் வீட்டுக்காரியும் மட்டும்தான். திறந்து பார்க்கவில்லை, உண்மைதான்.

குன்னூர் தேடல்காரன்
அதைத்தான் சொல்ல வருகிறேன். கொத்தனாருக்குக் கூலி கொடுத்தாலும் வாசல் எந்தத் திசை என்று வீட்டுக்காரர்தானே சொல்ல வேண்டும்?

உங்களிடம் இருக்கிற விஷயம் கம்பெனிக்காரன் எவனிடமும் கிடையாது. மே சீசனில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏற குன்னூர் வழி, இறங்க கோத்தகிரி வழி என்று ஒருவழியாக்கி விடுகிறார்கள். அந்த நேரத்தில் உங்கள் வீட்டுக்கு எப்படி வந்து சேர்வது? 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வருகிற வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் (ஆன்லைனில் எடுக்கும் அனுமதிச் சீட்டு). கோத்தகிரியோடு திரும்புகிறவருக்கும் அது வேண்டுமா, அரசு பஸ்ஸில் வந்தால் வேண்டுமா? இதையெல்லாம் ஒரு நாளைக்கு எத்தனை பேர் உங்களுக்குப் போன் போட்டுக் கேட்கிறார்கள்? போனில் கேட்பதைத்தான் கூகுளிலும் தட்டுகிறார்கள். அந்தப் பதில்கள் உங்கள் வெப்சைட்டில் இருந்தால் அதுதான் எஸ்.இ.ஓ.

இன்னொன்று, "ஊட்டி ஹோம்ஸ்டே"யில் முதலிடம் கேட்டது நீங்கள். மேப்பில் வருகிற வரிசைக்கு மூன்று விஷயம் பார்ப்பதாகக் கூகுளே சொல்கிறது: தேடியதற்குப் பொருத்தம், தூரம், எவ்வளவு அறியப்பட்ட இடம் என்பது. தூரத்தை எந்தக் கம்பெனியாலும் குறைக்க முடியாது. மே மாதம் உங்களுக்கு எப்படியும் நிறையும். காலியாகக் கிடப்பது ஜூலை. அப்போது கூடலூர் பக்கம் தென்மேற்கு மழை கொட்டும், கோத்தகிரி மலையின் கிழக்கு ஓரத்தில் இருப்பதால் மழை குறைவு. "ஜூலையில் ரூம் நிறையணும்" என்று நீங்கள் சொல்லியிருந்தால் வேலையே வேறு மாதிரி போயிருக்கும்.

மஞ்சூர் டீத்தூள்
எனக்கு ஒருத்தர் 30 நாளில் முதலிடம், கேரண்டி என்கிறார். எழுதியே தருகிறாராம். போகலாமா?

குன்னூர் தேடல்காரன்
வேண்டாம். முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுள் வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது. செய்த வேலைக்குப் பலன் தெரிய நான்கு மாதத்திலிருந்து ஒரு வருஷம் ஆகும் என்றும் சொல்கிறது. இப்படிச் சொல்கிறவர்கள், மற்ற சைட்டுகளிலிருந்து உங்கள் சைட்டுக்கு வரும் லிங்குகளைக் காசுக்கு வாங்கிக் குவித்து ஏற்றுவார்கள். 2012-இல் கூகுள் தன் வரிசைப்படுத்தும் முறையில் கொண்டுவந்த பெங்குவின் அப்டேட்டில் அப்படி ஏறிய சைட்டுகள்தான் சரிந்தன.

பூம்பாறை பூண்டுக்கடை
தேடல்காரத் தம்பி, நீங்க சொல்றது எல்லாம் கம்பெனிக்குச் சாதகமாவே இருக்கு. நான் கொடைக்கானல் மலைப்பூண்டு விக்கிறேன். புவிசார் குறியீடு கிடைச்ச பூண்டு. நான் நல்ல கிளையண்டாத்தான் இருந்தேன். கேட்ட போட்டோ அன்னைக்கே அனுப்புனேன், பாஸ்வேர்டு கேட்டாங்க கொடுத்தேன், நம்புனேன். ரெண்டு வருஷம் கழிச்சு நிறுத்திக்கிறேன்னு சொன்னப்பதான் தெரிஞ்சுது, டொமைனையே, அதாவது வெப்சைட் முகவரியையே, அவங்க பேர்ல வாங்கியிருக்காங்க. திருப்பிக் கேட்டா தனியா பணம் கேட்டாங்க. விட்டுட்டுப் புது பேர்ல ஆரம்பிச்சேன். பழைய அட்டைப்பெட்டியில அச்சடிச்ச முகவரி இப்பவும் செத்த பக்கத்துக்குப் போகுது. அதனால கோத்தகிரி அண்ணனுக்கு நான் சொல்றது, ஒத்துழைக்கிறதுக்கு முன்னாடி சாவியைக் கையில வைங்க. ஒத்துழைப்பு அப்புறம்.

குன்னூர் தேடல்காரன்
அக்கா, உங்களுக்கு நடந்தது அநியாயம். அதில் நான் கம்பெனி பக்கம் நிற்க மாட்டேன். டொமைன், ஹோஸ்டிங் (சைட்டை வைத்திருக்கும் சர்வர் இடம்), சர்ச் கன்சோல் (தேடலில் சைட் எப்படி வருகிறது என்று கூகுள் காட்டும் கணக்கு), மேப்பில் உள்ள பிசினஸ் புரொஃபைல் நான்கும் கடைக்காரர் பேரில்தான் இருக்க வேண்டும். சொந்த பாஸ்வேர்டை யாருக்கும் தரவே வேண்டாம். அவர்களுக்குத் தனி லாகின் போட்டுக் கொடுங்கள், நிறுத்தும்போது எடுத்து விடலாம். ஆனால் பயந்து எதையுமே திறந்து விடாமல் "ரேங்க் வரட்டும் பார்க்கலாம்" என்றால் எங்களால் கையைக் கட்டிக்கொண்டு ரிப்போர்ட் மட்டும்தான் அனுப்ப முடியும்.

பூம்பாறை பூண்டுக்கடை
முதல்ல பார்க்க மட்டும் அனுமதி. என்ன குறைன்னு எழுதித் தரட்டும். அது சரியா இருந்தா திருத்துறதுக்கு அனுமதி. கூகுளே அப்படித்தான் சொல்லுது, நானும் அடிபட்டதுக்கு அப்புறம் படிச்சேன். ஆறு மாசமா இவர்கிட்ட பதிலே வராதப்ப, அந்தக் கம்பெனி ஒரு தடவை போன் பண்ணிச்சா? 9,000 மட்டும் மாசாமாசம் வாங்கத் தெரிஞ்சுதே. மெயில் அனுப்பினதோட கடமை முடிஞ்சுதா?

குன்னூர் தேடல்காரன்
பதில் வராதபோது வேலையை நிறுத்தி, பில்லையும் நிறுத்தியிருக்க வேண்டும். அதில் உங்கள் பக்கம்தான் நியாயம் அக்கா. ஆனாலும் அவர் வாரம் ஒரு அரை மணி நேரம் ஒதுக்காமல் இந்த வேலையை வேறு எந்தக் கம்பெனிக்கு மாற்றினாலும் இதே படகு இல்லம்தான் வரும்.

கோத்தகிரி ஹோம்ஸ்டே
ராத்திரி உட்கார்ந்து இரண்டு பேர் சொன்னதையும் பார்த்தேன். போனில் வந்த கேள்விகளை வீட்டுக்காரி நினைவிலிருந்து சொல்லச் சொல்ல எழுதினேன், இருபத்தாறு வந்தது. பாதிக்கு மேல் வழி பற்றியும் இ-பாஸ் பற்றியும்தான். ஜூலை பற்றிக் கேட்டவர்களும் இருக்கிறார்கள். "மழைங்க, வராதீங்க" என்று நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன். டொமைன் என் பேரில்தான் இருக்கிறது. ஆனால் மேப்பில் உரிமையாளர் என்று இருப்பது அந்தக் கம்பெனியின் மெயில். அதை எப்படி என் பேருக்கு வாங்குவது?

குன்னூர் தேடல்காரன்
அவர்களிடமே கேளுங்கள். உங்களை உரிமையாளராகச் சேர்க்க அவர்களுக்கு இரண்டு நிமிஷம் போதும், ஏழு நாள் கழித்து முதன்மை உரிமையாளராக மாற்றி விடலாம். இழுத்தடித்தால் மேப்பிலேயே உங்கள் இடத்தைத் திறந்து உரிமை கோரலாம், கூகுள் அவர்களுக்குத் தகவல் அனுப்பும். அதற்கு முன் இந்த மாத பில்லைக் கட்டாதீர்கள்.

பூம்பாறை பூண்டுக்கடை
கேக்குறதை எழுத்துல கேளுங்கண்ணா. அந்த இருபத்தாறையும் அதே மெயில்ல சேர்த்து அனுப்பாதீங்க. உரிமை கைக்கு வந்ததுக்கு அப்புறம் அனுப்புங்க.