24ஆம் தேதி ராத்திரி வரை துணி எடுக்கத்தான் வேண்டுமா?

பாளை அண்ணாச்சி:
கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் நாகர்கோவில் மீனாட்சிபுரம் கடைத்தெருவில் கால் வைக்க இடமிருக்காது. தீபாவளி போல வருஷத்துக்கு வருஷம் தேதி மாறுகிற பண்டிகையா இது? நவம்பரிலேயே எடுத்தால் அளவும் கிடைக்கும், நிறமும் கிடைக்கும். கடைசி நாளில் ஓடுகிறவர்கள் கிடைத்ததை வாங்கிவிட்டு, பண்டிகை முடிந்ததும் மாற்றித் தரச்சொல்லிச் சண்டைக்கு நிற்கிறார்கள். டிசம்பர் 20ஆம் தேதியோடு துணி எடுப்பதை முடித்துவிட வேண்டும் என்பது என் கருத்து.

தூத்தூர் தம்பி:
நவம்பரில் கையில் காசு புழங்குகிறவர்களுக்கு அது சரி, அண்ணாச்சி. எங்கள் பக்கம் ஆழ்கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் கடலிலேயே தங்கல்தான். கேரளாவில் கொச்சியிலோ முனம்பத்திலோ கரை பிடித்து, மீனை ஏலம் விட்டு, டீசலுக்கும் ஐஸுக்கும் கழித்து, மிச்சத்தைப் பங்கு பிரித்த பிறகுதான் பணம். பண்டிகைக்கு முந்தின சில நாட்களில்தான் பலரும் வீடு வந்து சேருவார்கள். அப்பா வந்து எடுத்துத் தரட்டும் என்று பிள்ளைகளும் காத்திருக்கும். இதைச் சோம்பல் என்று சொல்லாதீர்கள்.

தையல்கடை வீட்டுப் பெண்:
தம்பி சொல்கிற கஷ்டம் புரிகிறது. ஆனால் மாதச் சம்பளம் வாங்குகிறவர்களும் 22ஆம் தேதி பிளவுஸ் துணியோடு வந்து நிற்கிறார்களே! டிசம்பர் பிறந்ததுமே புது ஆர்டர் வேண்டாம் என்று அப்பா சொல்லிவிடுவார். தெரிந்தவர்கள், உறவுக்காரர்கள் என்று வந்தால் மறுக்க முடியாது. வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து கொக்கி தைப்போம். எங்கள் வீட்டு முந்திரிக்கொத்துக்கு மாவு கரைக்கவே ஆள் இருக்காது.

துணிக்கடை அக்கா:
நான் சேலைப் பிரிவில் நிற்கிறவள். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்தினார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் 24ஆம் தேதி கூட்டத்தில் ஸ்டூலை எங்கே போட? பத்தரைக்கு ஷட்டரைப் பாதி இறக்குவார்கள். அதற்கப்புறம்தான் பிரித்துப் போட்ட சேலைகளை முந்தானை வெளியே தெரிகிற மாதிரி மடித்து அடுக்க வேண்டும். எங்கள் ஊரில் பதினொன்றரைக்குப் பூசை. நானும் கிறிஸ்தவள்தான். புதுச்சேலையைப் பையில் வைத்துக்கொண்டு வந்து, கடையிலேயே கட்டிக்கொண்டு கோயிலுக்கு ஓடியிருக்கிறேன்.

தூத்தூர் தம்பி:
அக்கா, அது பெரிய அநியாயம். ஆனால் அதற்கு வாங்க வருகிறவன் எப்படிப் பொறுப்பாவான்? கிறிஸ்தவ ஊழியர்களை அன்று மத்தியானமே அனுப்பிவிட்டு, தீபாவளிக்கு அவர்களை நிற்க வைக்கலாமே. முதலாளி மனசு வைத்தால் நடக்கும்.

வடசேரி மருமகள்:
எல்லாவற்றையும் முன்னாலேயே வாங்கவும் முடியாது. ஸ்டார், குடில் சாமான் எல்லாம் டிசம்பர் ஒன்றாம் தேதிக்குள் வாங்கிவிடலாம். கறியும் பிச்சிப்பூவும் 24ஆம் தேதிதானே வாங்க முடியும்? பனியில் பூ வரத்து குறையும், மார்கழிப் பூசைக்கும் பூ போகும், தோவாளைப் பூச்சந்தையில் விலை ஏறித்தான் கிடக்கும். அந்த அலைச்சலோடு துணிக்கடை வரிசையும் சேர்ந்தால் வீட்டுப் பெண்களுக்குத்தான் பாடு. அதனால் துணி விஷயத்தில் நான் அண்ணாச்சி பக்கம்.

பாளை அண்ணாச்சி:
சரி தம்பி, கடல் தொழிலாளர்களை வைத்துப் பார்த்தால் 20 என்பது சரிவராது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 24 ராத்திரி எட்டு மணிக்கு மேல் புதிதாக யாரையும் கடைக்குள் விடக்கூடாது.

தூத்தூர் தம்பி:
கொச்சியிலிருந்து அன்று சாயங்காலம் வந்து இறங்குகிறவன் என்ன செய்வான்? ஒன்பது என்று வையுங்கள்.

துணிக்கடை அக்கா:
ஒன்பது என்றால் மடிக்கிற வேலையை 26ஆம் தேதி காலையில் செய்ய விட வேண்டும். அதை எங்கள் முதலாளியிடம் யார் போய்க் கேட்பது?