பித்தப்பை எடுத்தபின் வெண்ணெய் தோசை ஒத்துக்கலையா?

கேள்வி (அல்சூர், பெங்களூரு): அம்மாவுக்குப் பித்தப்பை எடுத்து 6 வாரம். இட்லி, ரசம் சாதம் பரவாயில்லை. வெண்ணெய் மசால் தோசை என்றால் உடனே பேதி. ஏன்?

பதில் 1: பித்தநீரைத் தேக்கிச் செறிவாக்கி, கொழுப்பு வந்ததும் விடுவதுதான் அந்தப் பையின் வேலை. இப்போது பை இல்லாததால் பித்தநீர் சொட்டுச்சொட்டாகக் குடலுக்குப் போகிறது. ஒரே வேளையில் நிறைய வெண்ணெய் வந்தால் அதைச் செரிக்க அது போதாது. சிறுகுடல் உறிஞ்சாமல் மிஞ்சும் பித்த அமிலம் பெருங்குடலில் நீரைச் சுரக்க வைக்கும், அதுதான் பேதி. தோசை தவறில்லை, அளவுதான். வேளைக்கு ஒரு டீஸ்பூன் எண்ணெயில் தொடங்கி, ஐந்து சிறு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள்.

பதில் 2: ஓட்ஸ் கஞ்சி கொடுங்கள் அக்கா. இசப்கோல் (நார்ச்சத்து உமி) என்றால் ஒரு டீஸ்பூன், முழு தம்ளர் தண்ணீரில். மாத்திரைக்கும் அதற்கும் 2 மணி நேர இடைவெளி விடுங்கள். வெறும் வயிற்றில் டிகிரி காபி வேண்டாம்.

பதில் 3: பேதி நிற்காவிட்டால் கொலெஸ்டிரமின் (குடலில் பித்த அமிலத்தைப் பிடித்துவைக்கும் மருந்து) பற்றி டாக்டரிடம் கேளுங்கள். கண் மஞ்சளித்தாலோ, குளிர்காய்ச்சலோ, மேல்வயிற்று வலியோ வந்தால் அன்றைக்கே ஓடுங்கள். பித்தக்குழாயில் கல் தங்கியிருக்கலாம்.